மூன்றாம் நாள், பகல் பதினொன்றரை

செந்தில்,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரமாட்டேன் என்கிறது. நீ நலமாக இருக்கிறாய் என்பது தெரிகிறது. அதுவும் அச்சடித்த தாளைப் பார்த்துத்தான் இந்த அப்பனுக்குத் தெரிந்தது. போனில் பேசலாமே என்பாய். ஐந்து நாளாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நீ 'அப்பா' என்றதும் நான் கத்துவேன், கத்தினால் நீ வைத்துவிடுவாய், அத்தோடு போயிற்று. எழுதினால் கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன். உன் அம்மா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். நடுவில் எங்காவது கோபமாக இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி. கேட்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில்தான் என்னால் கேட்க முடியும்.

மொத்தம் நான்கு நாள் பயணம். அதற்கு நான் போட்ட ஆட்டம் ஊருக்கே தெரியும். ஐம்பத்தெட்டு வயதில் பாஸ்போர்ட் எடுத்தேன். சிவகாசியில் ஏப்ரல் மாத வெயிலில் ஸ்வெட்டர் கேட்டேன், கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, உடம்புக்கு எதுவும் முடியலையா?" என்றார். கோபன்ஹேகன் போகிறேன் என்றேன். அது எங்கன இருக்கு என்று அவர் கேட்டதற்கு அரைமணி நேரம் விளக்கம் சொன்னேன், நான் என்னவோ அங்கே பிறந்து வளர்ந்தவன் மாதிரி. உன்னிடம் எத்தனை கேள்வி கேட்டேன்! தயிர் கிடைக்குமா, ஓட்டலில் வாளியும் மக்கும் இருக்குமா, அம்மாவின் முட்டிவலிக்கு எம்புட்டு தூரம் நடக்க வேண்டியிருக்கும், படகில் ஏறினால் அவளுக்கு வாந்தி வருமா. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாய். பிறகு நாலு பக்கத்தில் அழகான தமிழில் ஒரு பயணத் திட்டம் அனுப்பினாய். முதல் நாள் காலை விமான நிலையத்தில் வெளியே வரும் வாசலில் நானே நிற்பேன், யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம் என்று அதில் முதல் வரி. அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் போல மடையன் உண்டா, அந்த ஒரு வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். அப்படியே பிரஸ்ஸுக்கு அனுப்பி, அச்சுக்குப் போடு என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அச்சடித்தீர்கள் என்று நீ கேட்கமாட்டாய். நீயும் இந்த ஊர்க்காரன்தானே. காதுகுத்து, புதுவீடு, பூப்பு, பிரிவு உபசாரம், எதற்கும் அச்சடிக்காமல் நமக்கு ஒரு காரியம் நடந்ததாகவே தோன்றாது. காசி போனவர்கள்கூட ரயில் நேரத்தோடு கார்டு அடித்து சொந்தக்காரர்களுக்குக் கொடுத்த ஊர் இது. நான் பிரஸ் வைத்திருப்பவன், என் மகன் அழைத்து முதன்முதலாக வெளிநாடு போகிறேன், சும்மா போவேனா? நல்ல கனமான ஆர்ட் பேப்பர், நாலு கலர், மூன்று மடிப்பு. முகப்பில் நானும் உன் அம்மாவும், பின்னால் நீ அனுப்பிய கால்வாயும் கலர் கலரான வீடுகளும். இருநூறு காப்பி. மெஷினில் முதல் தாள் வந்ததும் லென்ஸை வைத்து நானே பார்த்தேன். நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழுந்திருந்தது. உன் அம்மாவின் சேலைப் பச்சை அப்படியே வந்திருந்தது. நான் அதைத்தான் பார்ப்பேன். முப்பது வருடமாக எழுத்து என்பது எனக்குக் கறுப்பு மை, அவ்வளவுதான். ராமலட்சுமி கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயருக்குப் பதிலாக அவள் தங்கச்சி பெயரை ஆயிரம் காப்பி அடித்து, பெண்வீட்டார் பிரஸ் வாசலில் வந்து நின்று மானத்தை வாங்கியது உனக்கு நினைவிருக்கும். அன்றையிலிருந்துதான் உன் அம்மா படித்துக் கையெழுத்துப் போடாத புரூப் மெஷினுக்குப் போகக் கூடாது என்று சட்டம் வைத்தேன். இந்தப் புரூப்பிலும் அவள் கையெழுத்து இருந்தது. பிறகென்ன என்று ஓட்டிவிட்டேன்.

விருதுநகரில் உன் பெரியப்பா பேரனுக்குக் காதுகுத்து. மண்டப வாசலில் நின்று சந்தனம் கொடுக்கிற மாதிரி ஒவ்வொருவர் கையிலும் ஒரு கார்டு கொடுத்தேன். வாங்கியவர்கள் எல்லாம் "கலர் அருமையா வந்திருக்கு" என்றார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். சாப்பாட்டுப் பந்திக்குப் போனால் பேச்சு ஒரு மாதிரி அடங்கிக் கிடக்கிறது. நான் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் எழுந்து கைகழுவப் போய்விட்டார், பாயாசம்கூட அவர் தொடவில்லை. எதிரில் உன் பெரியப்பா. கார்டை இலைக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தார்.

"ஏலே தம்பி, இத நீ படிச்சியா?" என்றார்.

"என்னண்ணே, கலரு போயிருக்கா?"

"கலரு நல்லாத்தாம்லே இருக்கு. மூணாம் நாளு பதினொன்றரைய வாசி."

வாசித்தேன். அரண்மனைக்கும் படகுச் சவாரிக்கும் நடுவில் இருந்தது. 'பகல் 11.30. நகர மண்டபம். எனக்கும் அச்சங்குளம் தமிழ்ச்செல்விக்கும் பதிவுத் திருமணம். பத்து நிமிடம். அப்பா விரும்பினால் வரலாம்.' அதற்கு அடுத்த வரி, 'பகல் 12.30. படகு. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, கட்டாயம் போக வேண்டும்.'

செந்தில், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோற்றில் வைத்த கை சோற்றிலேயே இருந்தது. எனக்கு வந்த முதல் எண்ணம் எது தெரியுமா? இது எழுத்துப் பிழை, புரூப்பில் விட்டுவிட்டார்கள் என்பதுதான். வேறு யாரோ ஒருவனுடைய மேட்டர் நம் கார்டில் கலந்துவிட்டது என்று சத்தியமாக ஒரு நிமிடம் நம்பினேன். உன் பெரியப்பா குரலைத் தாழ்த்தாமல், பந்தியே கேட்க, "அச்சங்குளத்துக்கு இப்பத்தான் போன் போட்டு விசாரிச்சேன். தாய்க்காரி பட்டாசுக் கம்பெனியில கூலிக்குப் போறா. நம்ம ஆளு கிடையாது. எம் மகளுக்கு ஸ்டேஷன்ல வந்து பேசுனியே, இப்ப உம் மகனுக்கு யாருலே பேசுறது?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு எப்படிக் காரை ஓட்டிவந்தேன் என்று கேட்டால் தெரியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் பிரஸ்ஸிலிருந்து அந்தப் புரூப்பை வரவழைத்து அவள் முன்னால் எறிந்தேன். "கண்ணு தெரியலையா உனக்கு? இத்தனை வருசமா ஒரு புள்ளி விடாமப் பிடிப்ப, இம்புட்டுப் பெரிய வரி கண்ணுல படலையா?" என்று கத்தினேன்.

"பட்டுச்சு," என்றாள்.

"பட்டுமா கையெழுத்துப் போட்ட?"

"பட்டதாலதான் போட்டேன். அச்சுல வந்தாத்தான உங்களுக்கு ஒரு விசயம் உண்மை. வாயால சொன்னா எதக் கேட்டீக? புள்ள மூணு தடவ போன்ல ஆரம்பிச்சான். மூணு தடவையும் காலண்டர் சீசன் முடியட்டும், ஆர்டர் முடியட்டும்னீக. சீசன் முடிஞ்சப்ப அவனுக்குச் சொல்ற தைரியம் போயிருச்சு. திட்டத்துல எழுதுறேம்மா, அப்பா படிச்சுட்டு வந்தா வரட்டும்னான். நீங்க அதையும் படிக்கல. நான் என்ன பண்ண? ஊரு பூராத் தெரிஞ்சிட்டா உங்களால கமுக்கமா எதுவும் செய்ய முடியாதுல்ல. அதான் ஓட விட்டேன்."

கமுக்கமா எதுவும் செய்ய முடியாது. இந்த வார்த்தையைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. நீ ஒளித்தது ஓர் அதிர்ச்சி. உன் அம்மாவுக்கு ஒன்றரை வருடமாகத் தெரியும் என்பது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. ஒரே வீட்டில், ஒரே தட்டில் முறுக்கு எடுத்துத் தின்றுகொண்டு, அங்கே இருக்கிற அந்தப் பெண்ணோடு வாரம் ஒருமுறை போனில் பேசியிருக்கிறாள். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, என்னோடு முப்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவள், நான் ஏதோ செய்துவிடுவேன் என்று என்னிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்ற இருநூறு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். "என்னைய என்ன மனுசன்னு நெனச்ச?" என்று கேட்டேன். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "வளர்மதி விசயத்துல நீங்க என்ன பேசுனீகன்னு செந்தில் அன்னிக்கே வந்து சொன்னான். நீங்கதான் சொல்லல," என்றாள்.

நீ அங்கே இருந்தாய். அதை நான் மறந்தே போயிருந்தேன், நம்புவாயா? உனக்குப் பத்தொன்பது வயது, கல்லூரி விடுமுறை. பெரியப்பா மகள் வளர்மதி, நம் பிரஸ்ஸுக்குக் காகித லோடு கொண்டுவரும் வண்டி டிரைவரோடு போய்விட்டாள், இரண்டு பேரையும் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. பெரியப்பாவுக்கு வெளியாட்களிடம் வாய் வராது, எனக்குத்தான் வரும். நீதான் பைக்கில் என்னைக் கொண்டுபோய் இறக்கினாய். வாசலில் நின்றாய். நான் அந்தப் பையனிடம் பேசவே இல்லை. அவனுடைய அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, "ஒம் மகன் ஒனக்கு முழுசா வேணுமா, வேண்டாமா? நீயே சொல்லு," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், அன்பாகச் சொல்கிற மாதிரி. அந்த மனிதர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மாலைக்குள் வளர்மதி வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்றே மாதத்தில் ஓசூரில் கட்டிக்கொடுத்தோம்.

வெறும் வாய்ச் சவடால், நான் எந்த ஆளையும் அனுப்பியிருக்கமாட்டேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அனுப்பியிருக்கமாட்டேன், அது நிஜம். ஆனால் அந்த மனிதருக்கு அது தெரியாதே. தெரியக் கூடாது என்பதற்காகத்தானே அப்படிச் சொன்னேன். திரும்பி வரும்போது விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்து, எப்படி ரெண்டே வார்த்தையில் முடித்தேன் பார்த்தாயா என்று உன்னிடம் பெருமையடித்தேன். நீ பரோட்டாவைத் தொடவில்லை, வயிறு சரியில்லை என்றாய். உன் பங்கையும் நானே தின்றேன். இப்போது காதுகுத்துக்கு வந்திருந்த வளர்மதி எனக்குத் தண்ணீர் வைத்தாள், முகத்தைப் பார்க்காமல் அடுத்த இலைக்குப் போனாள். பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறாள். பிள்ளைத்தாய்ச்சி அலுப்பு, வீட்டு வேலை அலுப்பு என்று நான் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

காதுகுத்து முடிந்த அன்று ராத்திரி, லென்ஸ் இல்லாமல், உன் திட்டத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தேன். எத்தனை யோசித்து எழுதியிருக்கிறாய்! அம்மா உட்கார்ந்து இளைப்பாற ஒவ்வொரு இடத்திலும் எங்கே பெஞ்சு இருக்கிறது என்று போட்டிருக்கிறாய். சைக்கிள் போகும் பாதையில் அப்பா நின்றுவிட வேண்டாம், மணி அடித்தால் விலகிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறாய். மூன்றாம் நாள் காலையில், பதினொன்றரைக்கு வர விருப்பமில்லை என்றால் அப்பா ஓட்டலிலேயே ஓய்வெடுக்கலாம், சாவியை எப்படித் திருப்ப வேண்டும் என்று படம் வரைந்து காட்டியிருக்கிறாய். மகன் கல்யாணம் நடக்கும்போது அப்பன் அறைக்குள் கிடந்தால் அவனுக்குக் கதவு திறக்கத் தெரிய வேண்டுமே என்று கவலைப்பட்டிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'சாட்சிகள்: மண்டப ஊழியர்கள் இருவர். செல்வியின் அம்மா வரவில்லை.' அடப்பாவி, உன் கல்யாணத்துக்கு உன் பெயர்கூட வாயில் நுழையாத இரண்டு பேர் சாட்சியா? இருநூறு பேர் பந்தியில் விழுந்த அடியைவிட இந்த வரிதான் எனக்கு வலித்தது. ஏன் ஊரில் வைக்கவில்லை, ஏன் நாங்கள் சுற்றிப்பார்க்க வரும் நாலு நாளுக்குள் ஒளித்து வைத்தாய் என்றெல்லாம் கேட்க வாயெடுத்து, பதில் எனக்கே தெரிந்ததால் மூடிக்கொண்டேன். எங்களைச் சுற்றிப் பார்க்கவா கூப்பிட்டாய்? நான் எட்ட முடியாத ஓர் இடமாகப் பார்த்துத்தானே தேதி குறித்தாய்.

அந்தப் பெண் வேறு ஆள் என்பதில் எனக்கு ஒன்றுமே இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பமாட்டேன். இருக்கிறது. வெள்ளைக்காரப் பெண்ணைக் கூட்டிவந்திருந்தால்கூட ஒரு வாரம் குதித்துவிட்டு ஊருக்கெல்லாம் போட்டோ காட்டியிருப்பேன். நம் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர்ப் பெண் என்றதும்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த எரிச்சலை வைத்துக்கொண்டுதான் மூன்று நாள் கிடந்தேன். நாலாம் நாள், யாரோ முன்பின் தெரியாதவர்கள் நிற்கிற இடத்தில் நானும் உன் அம்மாவும் நிற்க வேண்டும், அந்தப் பெண்ணின் அம்மாவும் கூட வர வேண்டும் என்று முடிவு செய்தேன். எரிச்சல் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. அது கிடந்துவிட்டுப் போகட்டும்.

முந்தாநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அச்சங்குளம் போனேன். பழம், பூ எல்லாம் வாங்கிக் காரில் வைத்திருந்தாள். வீட்டைக் கண்டுபிடித்தபோது செல்வியின் அம்மா அப்போதுதான் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்து, முழங்கைவரை ஒட்டியிருந்த வெள்ளிப் பொடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். உன் அம்மா கூடையை எடுக்கப் பின்தங்கிவிட்டாள். நான்தான் அவசரக் குடுக்கை, முன்னால் போய் நின்று, செந்திலோட அப்பா என்றேன். சோப்பு கையிலிருந்து விழுந்தது. எனக்கு முன்னுரை பேசத் தெரியாது, நேரே விஷயத்துக்குப் போனேன்.

"பாஸ்போர்ட்டு வச்சிருக்கீகளா?" என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஈரக் கையைக் கூப்பினார். "இல்லய்யா. சத்தியமா இல்ல. நான் அங்கன போகலய்யா. கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு மககிட்ட எப்பமோ சொல்லிட்டேன். எனக்கு ஒத்தப் புள்ளய்யா. ரெண்டு பேரும் இந்த ஊருப் பக்கமே வரமாட்டாக. எங்கனயோ இருந்துட்டுப் போகட்டும், விட்ருங்கய்யா," என்றார்.

நான் பிரயாணத்துக்குத் துணை தேடிக்கொண்டு போனவன். அவர் என்னிடம் மகளின் உயிரைக் கேட்டுக்கொண்டு நின்றார். இல்லம்மா, இல்லம்மா என்று கையை ஆட்டினேன், அவர் இன்னும் பின்வாங்கினார். உன் அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துத் தாழ்த்தினாள். பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். விசாவுக்குத் துணையாக நாங்களே வருகிறோம், சாமான் எல்லாம் நாங்கள் வாங்குகிறோம், பிளேனில் எனக்கும் பயம்தான் என்றெல்லாம். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் கண் மட்டும் என்மேலேயே இருந்தது. நான் கொஞ்சம் கையை அசைத்தால்கூட அவர் தோள் சுருங்கியது. செந்தில், என்னைப் பார்த்து ஒரு பெண் அப்படி நடுங்கி நான் கண்டதில்லை. கண்டிருப்பேன், கவனித்ததில்லை. நான் எழுந்து காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது.

அரைமணி நேரம் கழித்து உன் அம்மா வந்தாள். அவர் வருவார், ஆனால் ஒரே ஒரு நிபந்தனை என்றாள். நான் சொல்வதை அவர் நம்பமாட்டார். உன் அம்மா சொல்வதையும் முழுதாக நம்பவில்லை, பொம்பளை பேச்சு வீட்டில் எம்புட்டு எடுபடும் என்று அவருக்குத் தெரியாதா. நீ போன் பண்ண வேண்டுமாம். எங்க அப்பாவோடு நீங்கள் தைரியமாக வரலாம், அவரால் உங்களுக்கோ செல்விக்கோ ஒன்றும் நேராது என்று நீ உன் வாயால் சொன்னால் பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறாராம்.

இதுதான் நான் கேட்க வேண்டியது. பாஸ்போர்ட்டும் விசாவும் வர நாளாகும், அதனால் தேதியைத் தள்ளி வை. அரண்மனையையும் படகையும் அடித்துவிடு, எடுத்த டிக்கெட் போனால் போகட்டும். அதெல்லாம் சின்ன விஷயம். அவருக்கு நீ கொடுக்கப்போகிற வாக்குதான் பெரிய விஷயம். அப்பா பாவம், கேட்டுவிட்டாரே என்று இரக்கப்பட்டுச் சொல்லாதே. அவர் அதை நம்பித்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வளவு தூரம் வருவார். உனக்கு என்னைத் தெரியும், ஸ்டேஷன் வாசலில் நின்றவன் நீ. நன்றாக யோசி. என்னை நம்பலாம் என்று உன்னால் சொல்ல முடிந்தால் இன்றைக்கே அச்சங்குளத்துக்குப் போன் போடு. முடியாவிட்டால் போடாதே. நான் ஓட்டல் அறையிலேயே இருந்துகொள்கிறேன், எனக்குக் கோபம் வராது.

உன் அப்பா